தூத்துக்குடி போக வாகைக்குளமா, மதுரையா, முத்துநகரா? வடசென்னையிலிருந்து ஒரு கணக்கு

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தூத்துக்குடியோடு போக்குவரத்து உள்ள குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மளிகைக் கடை அண்ணாச்சி, படகுச் சாமான் விற்பவர், மண்ணடியில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி, பனிமய மாதா திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் கிளம்பும் அக்கா, எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான். "ஃப்ளைட்ல ஒன்றரை மணி நேரம்தானே, அதுலயே போயிடலாமா? தூத்துக்குடி டிக்கெட் விலை எகிறுதே, மதுரைக்கு எடுத்துட்டு அங்கேருந்து கார்ல போனா லாபமா? இல்ல, பேசாம முத்துநகர்லயே ஏறிடலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி ஊருக்குள்தான் வேலை, முன்கூட்டியே தேதி தெரியும் என்றால் ரயில், அதாவது எழும்பூரிலிருந்து ராத்திரியில் ஓடும் முத்துநகர் எக்ஸ்பிரஸ். ஒரே நாளில் போய்த் திரும்பவேண்டும், அல்லது திடீர்ச் சேதி என்றால் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு விமானம். மதுரை வழி சிலருக்கு மட்டுமே சரிவரும், அந்தச் சிலர் யார் என்று கீழே சொல்கிறேன். பஸ் கடைசி.

## எதை வைத்துப் பார்ப்பது

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது மீனம்பாக்கம் ஓடுபாதைப் பக்கத்தில் குடியிருப்பவருக்கே சரியாக வராது, எண்ணூரில் இருப்பவருக்கு எங்கே வரும்? நான் பார்ப்பது ஐந்து விஷயம். வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை எவ்வளவு நேரம் என்பது முதலாவது. அடுத்தது, டிக்கெட்டோடு கார் வாடகை, சாப்பாடு, பெட்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு என்ன ஆகிறது என்பது. அப்புறம் அந்தப் பயணம் உங்கள் வேலை நேரத்தில் எவ்வளவைத் தின்கிறது என்று பாருங்கள், இதைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கூட வரும் வயசானவர்களும் சுமையும் நான்காவது. கடைசி நேரத்தில் இடம் கிடைக்குமா, மழைக்காலத்தில் நம்பலாமா என்பது ஐந்தாவது.

திருவொற்றியூர் தேரடியில் கிளம்பி தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ச் சேருவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன். எண்ணூர், மணலிக்காரர்கள் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

## ஆகாயத்தில் தூரமும் நேரமும்

மீனம்பாக்கத்திலிருந்து வாகைக்குளத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர். மதுரை விமான நிலையத்துக்குச் சுமார் 420. வித்தியாசம் 110 கிலோமீட்டர். சாலையில் இது பெரிய தூரம், ஆகாயத்தில் ஒன்றுமே இல்லை.

தூத்துக்குடிக்குப் பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் சின்ன விமானம், எழுபது எண்பது பேர் உட்காரலாம், மேலே போய்விட்டால் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். அப்படிப் பார்த்தால் 530 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தானே ஆகவேண்டும், டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரம் என்று போடுகிறார்கள்? விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதை போவது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக ஏறுவது, இறங்குவதற்குச் சுற்றி வருவது, அங்கே போய் நிற்பது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கிளம்பும் நேரம் என்று போட்டிருப்பது சக்கரம் நகரும் நேரம், சேரும் நேரம் என்றால் நின்றுவிட்ட நேரம்.

மதுரைக்கு ஏர்பஸ் ஜெட்டும் ஓடும், ஏடிஆரும் ஓடும். ஜெட் வேகம் மணிக்கு 800-க்கு மேல். ஆனால் இந்தக் குட்டித் தூரத்தில் அந்த வேகத்தை எட்டிக் கொஞ்ச நேரத்திலேயே இறக்கத் தொடங்கிவிடுவார்கள், அதனால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு ரொம்பக் குறையாது. ஆக, மதுரைக்குப் போவதால் ஆகாயத்தில் மிச்சமாவது பத்திலிருந்து இருபது நிமிஷம். அதற்குப் பதிலாகத் தரையில் 140 கிலோமீட்டர் கூடுகிறது.

## ஒரே பார்வையில்

| | வாகைக்குளம் விமானம் | மதுரை விமானம் + கார் | முத்துநகர் ரயில் | கிளாம்பாக்கம் பஸ் |
|---|---|---|---|---|
| தூரம் | வான்வழி 530 கி.மீ. | வான்வழி 420 + சாலை 140 கி.மீ. | ரயில் பாதை 650 கி.மீ. பக்கம் | சாலை 600 கி.மீ. பக்கம் |
| வண்டியில் இருக்கும் நேரம் | ஒன்றரை மணி | ஒன்றேகால் + இரண்டேகால் மணி | 11 மணி பக்கம் | 10, 11 மணி |
| வாசலிலிருந்து வாசல் | ஐந்தரை மணி | ஏழு மணி | பன்னிரண்டரை மணி | பதின்மூன்று மணிக்கு மேல் |
| வேலை நேரத்தில் நஷ்டம் | அரை நாள் | முக்கால் நாள் | சாயங்காலம் கொஞ்சம் | சாயங்காலம் முழுதும் |
| கடைசி நேர டிக்கெட் | கிடைக்கும், விலை கடிக்கும் | கிடைக்க வாய்ப்பு அதிகம் | தட்கல் மட்டும் | பெரும்பாலும் கிடைக்கும் |

## வாகைக்குளம் விமானம்

வடசென்னைக்கு இப்போது இது முன்னைவிடச் சுலபம் என்றால் அதற்குக் காரணம் மெட்ரோ. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டினார்கள். நீல வழித்தடத்தில் ஏறி உட்கார்ந்தால் மாறாமல் விமான நிலையம், ஒரு மணி நேரத்துக்குள், கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. முன்பெல்லாம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் எப்போது வெளியே வருவோம் என்று சொல்ல முடியாது, துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் வரிசை நின்றுவிட்டால் எண்ணூர் நெடுஞ்சாலையே அப்படியே நிற்கும். இப்போது அந்தப் பயமே இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. மெட்ரோ காலை 5 மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். 5 மணி ரயிலைப் பிடித்தாலும் விமான நிலையத்துக்குள் நுழையும்போது 6 ஆகிவிடும். பல விமானங்களில் பெட்டி போடும் கவுன்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே மூடிவிடுவார்கள். அதனால் ஏழரைக்கு முன்னால் கிளம்பும் எந்த விமானத்துக்கும் மெட்ரோவை நம்பக்கூடாது, விடியற்காலையில் டாக்சிதான், முப்பது கிலோமீட்டர். அந்த டாக்சிப் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால், 'மலிவு' என்று எடுத்த அதிகாலை டிக்கெட்டும் பத்து மணி டிக்கெட்டும் ஒரே விலைக்கு வந்து நிற்கும். உள்நாட்டு விமானங்களுக்கு இரண்டு முனையங்கள் உண்டு, 1-ஆ 4-ஆ என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, நேரம்: மெட்ரோவுக்கு நடை உட்பட ஒன்றேகால் மணி, விமான நிலையத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி, பறப்பது ஒன்றரை மணி, இறங்கி வெளியே வர இருபது நிமிஷம், அங்கிருந்து ஊருக்குள் அரை மணி சொச்சம். மொத்தம் ஐந்தரை மணி. ஒன்றரை மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பியவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஆனாலும் மற்ற எல்லாவற்றையும்விட வேகம் இதுதான்.

வாகைக்குளம் நிலையம் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் போகிறவர்களுக்கும் அதுதான் கிட்ட. 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். பழைய ஓடுபாதையில் ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்க முடியும், இப்போது ஏர்பஸ்ஸுக்கும் இடம் இருக்கிறது. பெரிய விமானம் அதிகம் ஓடத் தொடங்கினால் இடம் கூடி விலை இறங்கவும் வாய்ப்பு உண்டு.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் முதலில் பெட்டி. பொதுவாகப் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள அறை சின்னது, சக்கரம் வைத்த கைப்பெட்டி சில சமயம் உள்ளே போகாது, ஏறும் இடத்தில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அந்தப் பெட்டிக்குள் திரும்பி வரும்போது மக்ரூன் வைத்திருந்தால், வீட்டில் திறக்கும்போது முந்திரித் தூள்தான் மிஞ்சும். மக்ரூனைத் தனிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கருவாடு வாசனை வெளியே வந்தால் ஏற்றமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கோயிலில் கொடுக்கும் முழுத் தேங்காயையும் சாதாரண நாளில் கைப்பையில் விடமாட்டார்கள்.

மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு ஏடிஆர் ஒரு விதத்தில் தோது. பின்பக்கக் கதவு தரைக்குப் பக்கத்தில் இருக்கும், சில படிகள்தான். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், அங்கே போய்க் கேட்டால் காத்திருக்கவேண்டி வரும்.

யாருக்கு இது சரி? காலையில் போய் வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு ராத்திரிக்குள் வீட்டுக்கு வரவேண்டிய தனி ஆளுக்கு வேறு வழியே கிடையாது. கம்பெனி பணம் கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று துக்கச் சேதி. ராத்திரி 9 மணிக்குப் போன் வருகிறது, முத்துநகர் அதற்குள் கிளம்பிப் போயிருக்கும். வழக்கமாக என்ன செய்கிறார்கள்? அடித்துப் பிடித்துக் கார் பேசிக் கிளம்பிவிடுகிறார்கள். 600 கிலோமீட்டர், அழுது களைத்த ஆட்கள் பின்னால், தூக்கமில்லாத டிரைவர் முன்னால், விராலிமலை, துவரங்குறிச்சி பக்கம் விடியற்காலை 3, 4 மணிக்கு. தயவுசெய்து அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள் போனைக் கையில் எடுத்து மறுநாள் காலை விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கார் போய்ச் சேருவதும் அந்த விமானத்தில் போகிறவர் வீட்டுக்குள் நுழைவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் இருக்கும். ஐந்தாறு பேர் போயே ஆகவேண்டும், பணம் இடம் கொடுக்கவில்லை என்றால் கார்தான், அப்போது வண்டியில் இரண்டாவதாக ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

## மதுரை விமானம், அப்புறம் கார்

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். திரையில் தூத்துக்குடி டிக்கெட்டைவிட மதுரை டிக்கெட் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு குறைவாகத் தெரியும், உடனே எடுத்துவிடுவார்கள். அந்த விமான நிலையத்திலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குச் சுமார் 140 கிலோமீட்டர், நாலுவழிச் சாலை, நல்ல சாலை, ஆனாலும் இரண்டேகால் மணி நேரம். ஒருவழி டாக்சிக்கு, டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குக் குறைந்து எதிர்பார்க்காதீர்கள். தனி ஆளாகப் போனால் மிச்சப்படுத்திய ஆயிரத்தைக் கொடுத்ததோடு மேலே ஒன்றரை ஆயிரமும் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் தாமதமாகவும் போய்ச் சேருகிறீர்கள்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் கணக்கு மாறும். ஆளுக்கு ஆயிரம் வீதம் நாலாயிரம் மிச்சம், கார் 2,500, அப்போது லாபம் உண்டு. டிக்கெட் வித்தியாசத்தை ஆள் எண்ணிக்கையால் பெருக்குங்கள், அது கார் வாடகையைத் தாண்டினால் மட்டும் மதுரையை யோசியுங்கள்.

பஸ்ஸில் போகலாமே என்பார்கள். போகலாம். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போகவேண்டும் என்றால் நகரத்தின் அந்தக் கோடிக்குப் போகவேண்டும், அதற்குப் பதில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சுற்றுச்சாலையில் மண்டேலா நகர் சந்திப்பில் நின்று ஏறுவார்கள். தோள்பையோடு போகும் இளவட்டத்துக்குப் பரவாயில்லை. பெட்டியோடும் குழந்தையோடும் வெயிலில் நிற்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன், நின்றாலும் உட்கார இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை.

ஆனால் இந்த வழி யாருக்கு நிஜமாகவே நல்லது என்றால், ஊர் தூத்துக்குடி நகரத்துக்குள் இல்லாமல் வடக்கே இருப்பவர்களுக்கு. அருப்புக்கோட்டை பக்கத்துக்காரர்கள் வாகைக்குளத்தில் இறங்கித் திரும்பி மேலே வருவதைவிட மதுரையில் இறங்குவது வாகு. அப்புறம், மதுரைக்கு விமானங்கள் அதிகம், காலையிலிருந்து ராத்திரி வரை நேரம் தேர்ந்தெடுக்கலாம். தூத்துக்குடிக்கு அன்றைக்கு இடமே இல்லை என்றால் இதுதான் மாற்று வழி.

## முத்துநகர் எக்ஸ்பிரஸ்

எழும்பூரில் சாயங்காலம் ஏழரை வாக்கில் ஏறினால் மறுநாள் காலை ஆறரை, ஏழுக்குள் தூத்துக்குடி. ஸ்டேஷன் ஊருக்கு நடுவில். இறங்கி ஐந்து நிமிஷ ஆட்டோவில் வீடு.

திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். மீனம்பாக்கம் போவதில் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலான நேரம். நேரத்தைக் கூட்டினால் பன்னிரண்டரை மணி என்று பெரிதாகத் தெரிகிறதே, அதில் எட்டு மணி நேரம் எப்படியும் வீட்டிலும் தூங்கித்தான் ஆகவேண்டும். ஒரு நாள் சம்பளம் போகாது, கடை ஒரு பொழுது மூடவேண்டாம். அந்த ஊரில் ஒரு ராத்திரி லாட்ஜ் செலவும் மிச்சம். அவசரமில்லாதவருக்கு விமானத்தைவிட ரயில் பகலைக் காப்பாற்றிக் கொடுக்கிறது என்பதுதான் என் கட்சி.

செலவைப் பாருங்கள். ஸ்லீப்பர் 500 ரூபாய்க்குள், மூன்றடுக்கு ஏசி ஆயிரத்துச் சொச்சம். சாதாரண நாளில் நான்கு பேர் மூன்றடுக்கு ஏசியில் போகும் பணத்தில் விமானத்தில் ஒருவர் போகலாம். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிறவர் இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? சீர்வரிசைப் பாத்திரம், பலகாரக் கூடை எதையும் யாரும் விமானத்தில் மாதிரி எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

குறை, டிக்கெட். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும், முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்தார்கள். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை என்றால் திறந்த சில நிமிஷத்தில் காத்திருப்புப் பட்டியல். பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா, அந்தக் கடைசி மூன்று நாளுக்கு நம்ம பக்கத்திலிருந்தே எத்தனை குடும்பம் கிளம்புகிறது என்று பாருங்கள். ஜூன் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து போட்டுவிடவேண்டும். தட்கல் முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, இப்போது ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் போடமுடியும், அதனால் அந்த வேலையை அவசரம் வருவதற்கு முன்னாலேயே முடித்து வையுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலிருந்து இல்லை, ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45.

திருநெல்வேலி வந்தே பாரத்தைக் கேட்பவர்களும் உண்டு. மத்தியானம் எழும்பூரில் கிளம்பி எட்டு மணி நேரத்துக்குள் திருநெல்வேலி, ராத்திரி பத்தரை மணி சுமார். அங்கிருந்து தூத்துக்குடி இன்னும் 50 கிலோமீட்டர். நெல்லைக்காரர்களுக்கு அருமையான வண்டி, தூத்துக்குடிக்காரருக்கு ஒரு பகலையும் கொடுத்து நடுராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டும் கதை.

## கிளாம்பாக்கம் பஸ்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்து தென்மாவட்ட வண்டிகள் அங்கே போனபிறகு வடசென்னைக்கு இந்த வழி கெட்டுப்போயிற்று. திருவொற்றியூரிலிருந்து சாயங்கால நெரிசலில் அங்கே போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் வேண்டும். அதே நேரத்தில் எழும்பூரில் ஏறியிருந்தால் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கலாம். மாதவரத்திலிருந்து தெற்கே போகும் அரசுப் பேருந்து அன்றைக்குக் கிடைத்தால், திருச்சி வரை போய் மாறுவதானாலும், மணலி, மாதவரம் பக்கத்து ஆட்களுக்கு அது நல்லது. மற்றபடி ரயிலும் விமானமும் கிடைக்காத நாளுக்குத்தான் பஸ்.

## மழை மாதங்கள்

நவம்பர், டிசம்பரில் எந்த வழியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் மீனம்பாக்கம் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தை மூடினார்கள். இரண்டு வாரம் கழித்துத் தெற்கே கொட்டியது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் அரித்துக்கொண்டு போக, நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் ஸ்டேஷனிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் தவித்தார்கள். அந்த இரண்டு மாதமும் கல்யாணம், கோர்ட், பரீட்சை என்று தேதி தவறக்கூடாத காரியம் இருந்தால் ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள்.

## திரும்பி வருவது

போவதும் வருவதும் ஒரே வழியாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ராத்திரி ரயிலில் போய், வேலையை முடித்து, சாயங்கால விமானத்தில் வருவது தனியாகப் போகிறவருக்கு நல்ல ஏற்பாடு, லாட்ஜும் வேண்டாம், ஒரே பகல்தான் செலவு. விமானம் ஒன்பதரைக்குள் மீனம்பாக்கத்தில் இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசி மெட்ரோ 11 மணி வாக்கில், ஒரு மணி நேரம் தாமதமானால்கூடப் பிடித்துவிடலாம், அதற்கு மேல் என்றால் முப்பது கிலோமீட்டர் ராத்திரி டாக்சி.

காத்திருப்புப் பட்டியலில் ரயில் டிக்கெட்டைப் போட்டு வைத்துவிட்டு, கூடவே ஒரு விமான டிக்கெட்டையும் பார்த்து வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். இணையத்தில் எடுத்த டிக்கெட், வண்டியின் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரான பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகி, சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பிவிடும். ஆர்ஏசி, அதாவது படுக்கை உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும் கிடைத்த டிக்கெட், ஆகிவிட்டால் அப்படி ரத்தாகாது. வண்டி கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்னாலாவது நீங்களே உள்ளே போய் ரத்து செய்யவேண்டும், இல்லையென்றால் அந்தப் பணம் வராது.